மேடைக்கு அடியில் ஓடிய தண்ணீர்

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஜாதகமும் சேர்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூட வேலைக்குப் போவதென்றாலும் போகட்டும் என்றார். ஒன்றே ஒன்றுதான் வேண்டாமாம்.

"ஊட்டுக்குள்ள பாடட்டுங்க, கோயில்ல பாடட்டுங்க. நாடகத்துல ஏறிப் பாடறது மட்டும் நம்ம ஒறம்பரை சொந்தபந்தத்துக்குள்ள ஆகாதுங்க. நாலு பேரு வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"சரிங்க, கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். எனக்கு அதற்கு மேல் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, மீசை முளைக்கும் முன்பே தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டியில் ஏறியவன் நான். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று வருஷத்தில் பாதிக்கு மேல் அந்த இன்ஜின் பக்கத்திலேயே நின்றேன். அங்கே பேசினாலும் காதில் விழாது. எல்லாம் கை ஜாடைதான். இப்போது திருச்செங்கோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறேன். அங்கேயும் வாடிக்கையாளர்களிடம் முதலாளிதான் பேசுவார், நான் சாமானை எடுத்துக் கொடுப்பேன்.

மகளிடம் விஷயத்தைச் சொன்னது என் மனைவி. மகள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அப்ப அவங்களுக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லிருங்கம்மா" என்றாள். கத்தி நிற்கவில்லை.

"பையன் பீடி சிகரெட்டு தொடறதில்ல. சொந்த ரிக்கு. ஒரே பையன். இந்த எடம் போச்சுன்னா இன்னொண்ணு கெடைக்குமா? பாட்டா வந்து உனக்குச் சோறு போடப் போகுது?"

"போடாதும்மா. பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்கறது போடுது."

அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. சத்தீஸ்கரில் அவர்கள் ரிக்கோடு இருந்த அவன் இரண்டு முறை போன் பேசியிருந்தான். மொட்டைமாடியில் அவள் சிரித்துக்கொண்டே பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் அவள் கத்தாமல் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிடும்போது அவளே மறுபடி ஆரம்பித்தாள்.

"ஒருக்கா வந்து பாத்துட்டு வேண்டாம்னு சொல்லட்டும். பாக்காமயே சொல்றதுதான் எனக்கு ஆகல."

அந்த வாரம் சேலத்தில் மகள் பாடும் நாடகக் குழுவின் விழா நடந்தது. குட்டி குட்டி நாடகங்கள், ஆனால் பேச்சே கிடையாது, எல்லாவற்றையும் பாடித்தான் சொல்வார்கள் என்றாள். ஓபரா என்று அதற்குப் பேராம். வெளிநாட்டில் நாலு மணி நேரம் போடுவதை இவர்கள் அரை மணி நேரத்துக்குள் போடுகிறார்கள். சாயங்காலத்துக்கு மூன்று நாடகம், தொடர்ந்து நாலைந்து நாள். என் மனைவி மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டாள். வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவைச் சொல்வதாக அந்தம்மா ஒத்துக்கொண்டார்.

"நாடகம் முடிஞ்சதும் நீங்க அவளத் தனியாக் கூட்டிட்டுப் போயி, இதோட போதும் சாமின்னு சொல்லோணும். நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றாள் மனைவி. நானும் ஒத்துக்கொண்டேன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அவள் பாடி நான் கேட்டதெல்லாம் மொட்டைமாடியில் காலையில் ஆ, ஆ என்று பழகுவதைத்தான். உடற்பயிற்சி மாதிரி இருக்கும். அதற்காக ஒரு நல்ல இடத்தை யாராவது விடுவார்களா?

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், லாரி நுழையத் திணறும் ஒரு சந்து. வெல்ல மூட்டை அடுக்கிவைத்திருந்த குடோனைத் தியேட்டராக மாற்றியிருந்தார்கள். சுவரில் இன்னும் வெல்ல வாசனை இருந்தது. நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பலகை மேடை. மூன்று பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள், நூறு பேர்கூட உட்கார முடியாது. திரை இல்லை. மைக் இல்லை. ஓரமாக ஒரு ஆர்மோனியம், ஒரு வயலின், ஒரு உறுமி.

முன் வரிசையில் எங்களை உட்கார வைத்தார்கள். என் வலது பக்கம் மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ரிக் ஓனர்களுக்கே உள்ள வெயிலில் வெந்த கழுத்து. அவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா. என் இடது பக்கம் என் மனைவி.

போனை அணைத்துவிடுங்கள், முடியும்வரை கை தட்ட வேண்டாம் என்று ஒரு பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"கையத் தட்டக்கூடாதுன்னா பின்ன எதுக்குங்க நம்மளக் கூப்புட்டாங்க?" என்று மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் கேட்டார். நான் இளித்து வைத்தேன்.

விளக்கு அணைந்தது. அப்படி ஒரு நிசப்தத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. பின்வரிசையில் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது.

முதல் நாடகத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வெளியூர் போய்த் திரும்பிப் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். சாவியைக் காணோம். அவ்வளவுதான் கதை. "சாவி எங்கே" என்று அவர் பாடினார். "உங்கள் சட்டைப் பையில் பாருங்கள்" என்று அந்தம்மா பாடினார். எங்கள் வரிசையில் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா என் காதருகே, "சாவி தேடறதுக்குமா பாட்டு? இவிங்க ஊட்டுல உப்புப் பத்தலீன்னா என்ன பண்ணுவாங்க?" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பாடுகிறவர்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள். அந்தம்மாவின் கழுத்து நரம்பு எழும்பி அடங்குவது தெரிந்தது. சட்டைப் பை என்ற வார்த்தையை நான் தினம் பத்துத் தடவை சொல்கிறேன். அதற்குள் இத்தனை வருஷத்துக் குடித்தனமும் சலிப்பும் பிரியமும் இருப்பதாக எனக்குத் தெரியாது. அவர் அதைப் பாடியபோது எனக்குக் கை புல்லரித்தது. என் மனைவி நான் பார்க்கக்கூடாதென்று திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸும் கண் தெரியாத ஒரு பெரியவரும். அதையும் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் என் மனசு மூன்றாவதிலேயே இருந்தது. மகள் பாடப்போவது அதில்தான். கதை என்னவென்று அவள் சொல்லவில்லை. "நான் கண்ணுக்குத் தெரிய மாட்டேன், காதுக்குத்தான் தெரிவேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

விளக்கு வந்தது. மேடை முழுக்கச் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரித் தூள். தூளின் மேல் அகலமான டயர்த் தடம், மேடையின் ஓரம்வரை போய் மறைகிறது. நடுவில் தரையிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், அதன் வாயில் ஒரு கல். ஒரு ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி செடிகளின் இலைமேல் படிந்த தூளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள்.

பார்த்தவுடனே எனக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் தெரிந்துவிட்டது. தண்ணீர் கிடைக்காத போர். ஈரமே படாமல் பாறையை அரைத்தால்தான் தூள் அப்படி வரும். வண்டி இப்போதுதான் கிளம்பிப் போயிருக்கிறது.

"சிவசிவா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ரிக்குக்காரங்கள ஒக்கார வெச்சு, போர் பெயிலானதையா கதையாப் போடுவாங்க?"

என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள். வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை என்ற வார்த்தையை எங்கள் ஆட்கள் வாயில் எடுக்கமாட்டோம். இன்னும் ரெண்டு ராடு எறக்கிப் பாக்கலாம் என்றுதான் சொல்வோம். முடியவே முடியாதென்று ஆனபின் ஒன்றும் சொல்லாமல் குழிக்குள் இறக்கிய இரும்பு ராடுகளை வண்டியில் ஏற்றுவோம். அதற்குள் அடுத்த ஊரிலிருந்து போன் வந்துவிடும். கிளம்பும்போது கண்ணாடியில் அந்த வீட்டுக்காரர்கள் நிற்பது தெரியும், வளைவு வந்ததும் மறைந்துவிடும். அவ்வளவுதான் நான் பார்த்தது. நாங்கள் போனபின் அவர்கள் என்ன செய்தார்கள்? உள்ளே போனார்களா, சாப்பிட்டார்களா, யார் முதலில் பேசினார்கள்? இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியே எனக்கு வந்ததில்லை. இந்த நாடகம் அந்த வளைவுக்குப் பின்னால் ஆரம்பித்தது.

"உலை வைக்கவா?" என்று பெண்டாட்டி பாடினாள்.

அவன் திரும்பவில்லை. அவள் மறுபடி அதையே பாடினாள். முதல் தடவை அது சாதாரணக் கேள்வி. அடுத்த தடவை அதில் கோபம் இருந்தது. பிறகு காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடம் கேட்பது போல. பிறகு தனக்குத்தானே. அந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அவள் அந்த வீடு முழுவதையும் எங்களுக்குக் காட்டினாள். கடன், காய்ந்த தென்னை, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லாம் எனக்குத் தெரிந்தன. அவள் அவற்றில் ஒன்றைக்கூட வாயால் சொல்லவில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. வயலின் என்று நினைத்து அந்தப் பக்கம் பார்த்தேன். வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். சத்தம் பலகைக்கு அடியிலிருந்து, குழாயின் வழியாக வந்தது. முதலில் வார்த்தை இல்லை. பிறகு, "இங்கேதான் இருக்கிறேன்" என்றது. எங்கோ வெகு ஆழத்தில், பாறைக்கும் பாறைக்கும் நடுவில் இருந்து பாடுவது போல இருந்தது.

அது என் மகள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. காலையில் என்னிடம் பேனா கேட்டுவிட்டுப் போனவள். அந்தக் குரல் எங்கள் வீட்டில்தான் இருந்ததா? நாங்கள் மூன்று பேரும் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது எங்கே இருந்தது?

மேடையில் இருந்தவள் துணியைப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தாள். உறுமி மெதுவாக முனகியது. குரல் மேலே வந்தது. வர வர அதன் தன்மை மாறியது. இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். போர் போடும்போது குழிக்குள் நாங்கள் செலுத்தும் காற்று காய்ந்த பாறையில் அடித்துக்கொண்டு வரும்வரை சத்தம் விசிலடிப்பது போல இருக்கும். தண்ணீரைத் தொட்ட நொடியில் அந்த விசில் உடைந்து கனத்து, தொண்டைக்குள் இறங்கிவிடும். கண்ணுக்குச் சேறு தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும். அந்தக் குரல் அப்படி உடைந்தது. அப்படியே கனத்தது. ஈரமானது.

"வந்துருச்சு!"

கத்தியது என் பக்கத்தில் இருந்தவர். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!" கை மேலே போய்விட்டது. செருப்பு இரண்டும் உதறிய வேகத்தில் நாற்காலிக்கு அடியில் போய்விட்டன.

எங்கள் வண்டிகளில் அப்படித்தான் பழக்கம். தண்ணீர் வந்ததை முதலில் கண்டவன் கத்த வேண்டும். கத்திய கையோடு அங்கே நிற்கிற அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். முதல் தண்ணீருக்கு முன்னால் யாரும் செருப்போடு நிற்கமாட்டோம். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. அவர் உடம்பு செய்தது. குனிந்து பார்த்தால் என் காலிலும் செருப்பு இல்லை.

தியேட்டர் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ 'ஸ்ஸ்' என்றார்கள். எல்லாம் கெட்டது, மகள் பாட்டை நிறுத்திவிடுவாள், இவருக்கு அவமானமாகிவிடும், இனி பேச்சுக்கே இடமில்லை என்று நினைத்தேன்.

குரல் நிற்கவில்லை. அந்த உயரத்திலேயே, ததும்பத் ததும்ப நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல நின்றது. சிரித்தவர்களும் அடங்கினார்கள். நின்றுகொண்டிருந்தவருக்காகவே அது அங்கே நின்றதாக எனக்குப் பட்டது. பிறகு அது மெல்ல நகர ஆரம்பித்தது. மேலே வரவில்லை. பக்கவாட்டில் போனது. மேடையில் இருந்தவள் பலகை பலகையாகக் காதை வைத்துத் தவழ்ந்துகொண்டே அதன் பின்னால் போனாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் கடைசியில் திரும்பி அவளைப் பார்த்தான். குரல் தூரமாகி, நூலாகி, இல்லாமல் போனது. எந்த இடத்தில் இல்லாமல் போனது என்று என்னால் சொல்ல முடியாது. அது போனபின்னும் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

"உலை வை" என்று அவன் பாடினான். விளக்கு அணைந்தது.

கை தட்டல் எழுந்தபோதும் மாப்பிள்ளையின் அப்பா நின்றுகொண்டேதான் இருந்தார். அவர் சம்சாரம் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கூட்டிப்போனார்.

வாசலில் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாங்கவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"நல்ல கொரலுதானுங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா தண்ணி போயிருச்சு போயிருச்சுன்னு பாடற பொண்ண, ரிக்கு வெச்சுப் பொழைக்கற ஊட்டுக்கு எப்பிடிங்க வெளக்கேத்தக் கூட்டிட்டு வாரது? எம் பையன் அங்க சத்தீஸ்கர்க் காட்டுல ரிக்கோட நிக்கறானுங்க."

"இதோட நிறுத்திருவாளுங்க" என்று என் மனைவி அவசரமாகச் சொன்னாள். "இவரு இப்பச் சொல்லிருவாரு. ஏனுங்க, சொல்லுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நான் பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். இப்போது தேடினால் இல்லை. அந்தக் குரலிடம் போய் நிறுத்து என்று சொல்ல நான் யார்?

"இல்லீங்க" என்றேன். "அவ பாடட்டுங்க."

மனைவி வாயைப் பிளந்தாள். மாப்பிள்ளையின் அம்மா புருஷனைப் பார்த்தார். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்ப உள்ளயே உட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தியேட்டருக்குள் நடந்தார். என் செருப்பும் உள்ளேதான் இருந்தது. நானும் போனேன்.

உள்ளே ஒருவரும் இல்லை. அவர் நாற்காலிக்கு அடியில் தேடவில்லை. நேராக மேடைக்குப் போய், தூளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே ஒரு பலகை திறந்திருந்தது. போனில் டார்ச்சைப் போட்டுக் குனிந்தார். நானும் பக்கத்தில் குனிந்தேன். போர்க் குழிக்குள் கண்ணாடியில் வெயிலைத் திருப்பிப் பார்ப்போமே, அதே மாதிரி.

உள்ளே என் மகள் இரண்டாக மடங்கி உட்கார்ந்து கால் மரத்ததை உதறிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள்.

"எவ்வளவு ஆழங்க இது?" என்று மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் கேட்டார்.

"ரெண்டடி இருக்குமுங்க."

"ரெண்டடி." அவர் தலையை ஆட்டினார். "நான் ஆயிரம் அடிக்குக் கீழன்னு நெனச்சுட்டனுங்க." பிறகு உள்ளே பார்த்து, "சாமி, நெசத்தச் சொல்லு. தண்ணி வந்துதா, வரலையா?"

"இருந்துதுங்க மாமா. மேலதான் வரல."

"அந்தச் சத்தம் மாறுச்சே. காத்து தண்ணியில பட்டாத்தான் அப்பிடி மாறும். அத உனக்கு ஆரு சொல்லிக்குடுத்தா?"

"அப்பா ரிக்குல இருந்தப்ப அங்கிருந்து வீடியோ அனுப்புவாருங்க. தண்ணி வரும்போதெல்லாம் எடுத்து அனுப்புவாரு. ஒரு வார்த்த பேசியிருக்க மாட்டாரு, வெறும் சத்தந்தான் இருக்கும். அதத்தான் கேட்டுக் கேட்டுப் பழகுனேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இத்தன வருசத்துல ஒருக்காக்கூட நான் தப்பாக் கத்துனதில்லீங்க" என்றார். "போன்ல நான் சொன்னத வுட்டுருங்க. இத நிறுத்தச் சொன்னா நான் மனுசனில்ல."

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே என் மனைவி.

"செருப்பு எடுக்க இத்தன நேரமா? அங்க என்னத்தக் குனிஞ்சு பாக்கறீங்க ரெண்டு பேரும்?"

"நீயே வந்து பாரு புள்ள. எதுக்குள்ள ஒக்காந்து பாடியிருக்கான்னு பாரு."

மகள் தவழ்ந்து வெளியே வந்தாள். சுடிதாரெல்லாம் புழுதி. தலை நிறைய ஒட்டடை. எழுந்து நிற்க முடியாமல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா அவளையும் அந்தப் பொந்தையும் மாறி மாறிப் பார்த்தார். கிட்டே போய் அவள் தலையிலிருந்த ஒட்டடையை எடுக்க ஆரம்பித்தார். முதலில் விரலால், பிறகு முந்தானையால்.

"நாளைக்கும் இதுக்குள்ளதானா?"

"ஆமாங்க அத்தை. நாளான்னைக்கும்."

"ஒரு தலகாணி போட்டுக்கிட்டா என்ன? முதுகு என்னத்துக்காகும்? நாளைக்குப் புள்ள குட்டி பெக்கறவ இப்பிடியா மடங்கி ஒக்காருவாங்க?" சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது போலிருந்தது. புருஷன் பக்கம் திரும்பி, "என்ன பாக்கறீங்க? காருல அந்தச் சின்னத் தலகாணி கெடக்குதுல்ல, அதக் கொண்டாந்து குடுங்க" என்றார்.

அவர் வெறுங்காலோடு போனார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அவர்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனபின், நான் இன்னொரு தடவை குனிந்து உள்ளே பார்த்தேன். ஒரு பழைய ஜமுக்காளம் விரித்திருந்தது. ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன டேபிள் ஃபேன். வேறு ஒன்றுமே இல்லை.